கோடு ஆடிய காலை

சாதிக் பாட்சா வாக்குக் கொடுத்துத்தான் வந்திருந்தார். மலேசியாவின் செனாய் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் அந்தப் பயிற்சி நிலையத்துக்குள் கால் வைத்தால் அவர் சாப்பாட்டுக் கடைக்காரர், அவ்வளவே. முபீனாவின் அத்தா என்று ஒரு வார்த்தை வெளியே வரக்கூடாது.

காரணம் இல்லாமல் அவள் அப்படிக் கேட்கவில்லை. முதல் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலைக்கு மனுஷன் ஒருநாள் அண்டாவோடு போய் இறங்கினார். மானேஜரிலிருந்து காவலாளி வரைக்கும் பிரியாணி போட்டு, 'என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொன்னார். அந்த வேலையை விட்டு வரும்வரை முபீனாவுக்குப் பிரியாணி வீட்டுப் பெண் என்றுதான் பெயர். படித்த படிப்பு, போட்ட சர்க்யூட், பிடித்த பழுது எதுவும் அந்தப் பிரியாணிக்கு முன்னால் எடுபடவில்லை.

இப்போது பயிற்சி நிலையத்தில் வேலை. இதுவரை மற்ற ஆசிரியர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளராக இருந்தவளுக்கு இன்றுதான் தனி வகுப்பு. செனாய் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டெக்னிஷியன்கள் வந்திருக்கிறார்கள். அவர்களை அனுப்பிய பராமரிப்புத் தலைவர் விஜயன் தானும் ஒரு நாற்காலியைப் பின்வரிசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பிடித்தால் அடுத்தடுத்த வகுப்புகளும் முபீனாவுக்கு. பிடிக்காவிட்டால் அவள் மறுபடியும் கருவி எடுத்துக் கொடுக்கப் போகவேண்டியதுதான்.

இதில் சாதிக் பாட்சா எப்படி வந்து மாட்டினார் என்றால், வழக்கமாகச் சாப்பாடு கொடுப்பவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். நிலையத்து ஆபீஸ் பெண் யாரிடமோ விசாரித்து, பக்கத்து ஊரான உலு திராமில் ஒரு நல்ல மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, இருக்கிறது என்று கேள்விப்பட்டு, யார் எவர் என்று தெரியாமலே போன் போட்டுவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். வேறென்ன சொல்வார்?

"சத்தியமா வாயைத் திறக்கமாட்டேம்மா" என்றார் மகளிடம்.

"வாயைத் திறக்காட்டிப் பத்தாது அத்தா. மூஞ்சியையும் கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பத்து மணிக்கே வந்து நின்றார். ரோட்டில் ஜாம் இருக்கும் என்று நினைத்தேன் என்று யாரும் கேட்காமலே ஆபீஸ் பெண்ணிடம் சொன்னார். பிரியாணி, கோழி மசாலா, பருப்பு டால்ச்சா எல்லாவற்றையும் பெரிய மின்சார வார்மரில் அடுக்கிக் கொண்டு வந்திருந்தார். ஆறின சோறு போடுவது அவர் கடைப் பழக்கத்தில் கிடையாது. வகுப்பறைப் பின்சுவரில் இருந்த பிளக் வேலை செய்யவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் வேனிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துவந்து, யார் காலும் தடுக்கக்கூடாதே என்று மேசைகளுக்கு அடியில் அழகாக ஓட்டி, முன்பக்கத்துப் பிளக்கில் சொருகினார். அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு மெல்லிய வயர்கள் தரையோடு போய்க்கொண்டிருந்தன. அவற்றோடு சேர்த்து டேப்பும் ஒட்டிவிட்டார், சுத்தமாக இருக்கட்டும் என்று. வார்மரில் சிவப்பு விளக்கு எரிந்தது; சூடு ஏறினால் அது தானே அணையும், குறைந்தால் தானே எரியும். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, இடித்த புளி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

முன்னால் நின்று முபீனா பேசுவதைக் கேட்கக் கேட்க, அவருக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது. மலாய், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் தண்ணீராக ஓடின. மேசைக்கு மேசை ஒரு எஃகுப் பட்டை, ஒருமுனை இறுக்கியும் மறுமுனை அந்தரத்திலும். பட்டையின் மேல் நகத்தளவு ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருந்தது. அதுதான் சென்சார். பட்டை வளைந்தால் தகடும் கூடவே இழுபடும், இழுபட்டால் அதில் ஓடும் மின்சாரம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தை ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், திரையில் அது ஒரு கோடாக ஓடும் என்றாள். விரலால் பட்டையை அழுத்தச் சொன்னாள். அழுத்தினார்கள். கோடு ஏறியது. விட்டார்கள். இறங்கியது.

"இது குடுக்கிற சிக்னல் ரொம்பச் சின்னது" என்றாள் முபீனா. "கொசு காதுகிட்ட பாடுற மாதிரி. அதைக் கேக்கணும்னா முதல்ல நாம சும்மா இருக்கணும்."

சும்மா இருக்கிறேன் அம்மா, சும்மாதானே இருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் சாதிக் பாட்சா.

அடுத்தது எடைக்கல் தொங்கவிடும் வேலை. தெரிந்த எடைகளைப் பட்டையின் நுனியில் மாட்டி, எந்த எடைக்குக் கோடு எங்கே நிற்கிறது என்று குறித்து வைத்தால், பிறகு தெரியாத பொருளையும் அதே பட்டையில் நிறுத்துவிடலாம். முதல் எடை மாட்டினார்கள், கோடு நின்றது. இரண்டாவது மாட்டினார்கள்.

திடீரென்று எல்லாத் திரைகளிலும் கோடு பயந்த பூனையின் வால் மாதிரித் தடித்துப்போனது. எண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் தாவின. தீபன் என்ற வாட்டசாட்டமான பையன் தான் ஈயம் வைத்து ஒட்டிய வயர்தான் விட்டுவிட்டதென்று அதைப் பிடுங்கி மறுபடி ஒட்டினான். பக்கத்து மேசை லோஷினி, உன் கை பட்டாலே இப்படித்தான் என்று அவனை வாரினாள். கொஞ்ச நேரத்தில் கோடு தானாக மெலிந்து அடங்கியது. அப்பாடா என்று மூன்றாவது எடையை எடுத்தார்கள். மறுபடியும் பூனை வால்.

விஜயன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத முகத்தை விடப் பயங்கரம் வேறு உண்டா? இந்தப் பெட்டிகள் பழசா என்று மட்டும் கேட்டார். இல்லை சார், புதுசு என்றாள் முபீனா.

எழுந்து போய் ஏதாவது செய்யவேண்டும் என்று சாதிக் பாட்சாவுக்குக் கால் பரபரத்தது. வாக்கு அவரை நாற்காலியோடு கட்டிப்போட்டது. மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் பதறவில்லை. சின்ன வயதில் மிக்ஸி நின்றுபோனால் அதைத் தட்டிப் பார்க்காமல் தலையைச் சாய்த்துக் கேட்பாளே, அப்படி நின்றாள்.

எல்லாரும் கையை எடுத்துவிடுங்கள் என்றாள். கோடு ஆடும்போது கையைத் தூக்குங்கள், அடங்கினால் இறக்குங்கள், பேச வேண்டாம். அத்தனை கைகளும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அப்படியென்றால் கோளாறு எந்தத் தனி மேசையிலும் இல்லை, எல்லாருக்கும் பொதுவாக வெளியிலிருந்து ஏதோ வருகிறது என்று சொல்லிவிட்டு ஏர்கானை நிறுத்தினாள். கைகள் ஏறின. புரொஜெக்டரை நிறுத்தினாள். அப்போதும் ஏறின. பிறகு மெதுவாக வகுப்பின் நடுவே நடந்தாள். பின்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கைகள் இறங்கின. அவள் நின்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் 'டக்'. வார்மரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கைகள் ஏறின.

முபீனா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். தடித்த கறுப்பு வயர் ஒன்று, சென்சார் வயர்களை ஆசையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் படுத்திருந்தது. டேப் வேறு.

சாதிக் பாட்சா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிரியாணியே போதாதென்று இப்போது வார்மருமா? யா அல்லாஹ், இந்தப் பிள்ளையின் பிழைப்பில் என் சோறுதான் எப்போதும் வந்து விழவேண்டுமா?

விஜயன் எழுந்தார். "அலமாக், சாப்பாட்டுக்காரர் வேலையா இது? அங்கிள், அதைப் பிடுங்கி வெளியே வச்சிடுங்க. சோறு ஆறினா ஆறட்டும்லா."

சாதிக் பாட்சா பிளக்கைப் பிடுங்க ஓடினார்.

"வேணாம்" என்றாள் முபீனா. "அணைக்காதீங்க."

வகுப்பு அவளைப் பார்த்தது. விஜயனும் பார்த்தார்.

"சார், உங்க ஃபேக்டரியில மெஷின் பக்கத்துலதானே இவங்க சென்சார் மாட்டப் போறாங்க? அங்க மோட்டார் ஓடும், ஹீட்டர் எரியும். கோடு ஆடுதுன்னு மெஷினை நிறுத்த விடுவீங்களா?"

விஜயன் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தார்.

தப்பு தன்னுடையது என்றாள் முபீனா, எல்லாருக்கும் கேட்கும்படி. அளக்க ஆரம்பிக்கும் முன்னால் அறையில் வேறென்ன மின்சாரம் ஓடுகிறது என்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இரைச்சலை அடக்கும் பாடத்தை மத்தியானத்துக்கு வைத்திருந்தேன், அது இப்போதே வந்துவிட்டது, வாங்க என்றாள். பிறகு திரும்பி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கேட்டாள்:

"அங்கிள், அந்த வார்மரை ஃபுல்லாத் திருப்பி வைங்க. நான் சொல்ற வரைக்கும் சூடு இறங்கக்கூடாது."

அங்கிள்! பெற்ற பிள்ளை வாயால் அங்கிள். சாதிக் பாட்சா திருகைக் கடைசிவரை திருப்பினார். டால்ச்சா கெட்டியாகும், சோறு அடிப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? திருப்பினார். அது எரியட்டும்.

பாய் விரித்துப் பந்திக்கு உட்காருவது மாதிரி எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். டேப்பைக் கிழித்து, கறுப்பு வயரைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். கோட்டின் தடிமன் பாதியானது. எங்கேயாவது இரண்டும் சந்தித்தே ஆகவேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரிக் குறுக்கே கடக்கட்டும், சேர்ந்து நடக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். சென்சார் வயரைச் சுற்றி ஒரு கம்பி வலை இருந்தது, போர்வை மாதிரி. அதன் ஒரு முனையை எர்த்தில் மாட்டச் சொன்னாள். இரண்டு முனையையும் மாட்டினால் என்ன என்று தீபன் கேட்டான். மாட்டித்தான் பாரேன் என்றாள். மாட்டினான், கோடு மறுபடி தடித்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு முனையைக் கழற்றினான். அதை அவன் இனிமேல் சாகும்வரை மறக்கமாட்டான். மிச்சமிருந்த நடுக்கத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வடிகட்டுவது எப்படி என்று காட்டினாள். ரொம்ப வடிகட்டினால் உண்மையான அசைவும் சேர்ந்து போய்விடும், ஜாக்கிரதை என்றாள்.

வார்மர் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. திரையில் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது.

எடைகளை முதலிலிருந்து மாட்டினார்கள். எல்லாம் குறித்து முடித்ததும் விஜயன் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி லோஷினியிடம் நீட்டினார். அவள் அதைப் பட்டையில் தொங்கவிட்டு எண்ணைப் படித்தாள். பிறகு அதைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். கடுகளவுதான் வித்தியாசம். சரியாக வந்துவிட்டது என்று லோஷினி கையைத் தட்டப் போனாள். சரி என்று மட்டும் சொல்லாதே, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொல் என்றாள் முபீனா. விஜயன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் சாதிக் பாட்சா தலை நிமிராமல் பரிமாறினார். அடிச்சோற்றைச் சுரண்டாமல் மேலாக எடுத்துப் போட்டார். விஜயன் தட்டை நீட்டியபடி, அடுத்த மாதம் இன்னொரு பேட்ச் அனுப்புவதாகவும், ஆசிரியர் இவர்தான் வேண்டும் என்று ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகவும் முபீனாவிடம் சொன்னார். ஊற்றிக்கொண்டிருந்த சாதிக் பாட்சா கரண்டியை நிறுத்த மறந்துவிட்டார். டால்ச்சா விஜயனின் தட்டில் நிரம்பி வழிந்தது.

"போதும் அங்கிள்" என்றார் விஜயன். "மகளுக்கு வகுப்புக் கிடைச்ச சந்தோஷம் எனக்குப் புரியுது."

சாதிக் பாட்சா திடுக்கிட்டு, யார் மகள், எனக்கு ஒன்றும் தெரியாதே, நான் வெறும் கடைக்காரன் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அங்கிள்" என்றான் தீபன், வாயில் கோழியோடு. "நாங்கெல்லாம் ஸ்கிரீனைப் பாத்தோம். நீங்க காலையிலேருந்து டீச்சரை மட்டும்தான் பாத்தீங்க. மூக்கு வேற அதே மூக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். முபீனா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"எங்க அத்தாதான்" என்றாள். "காலையிலேருந்து வாயைத் திறக்காம இருந்தாரு. அவருக்கு அதுதான் கஷ்டமான பரீட்சை."

சாப்பாடு முடிந்து பாத்திரங்களை வேனில் ஏற்றும்போது அவள் கூட வந்து ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள். அவருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எனக்காகத்தானம்மா அணைக்க வேணாம்னு சொன்னே? சோறு ஆறிடும்னு?"

"இல்லத்தா" என்றாள் அவள், யோசிக்கக்கூட இல்லை. "யாரு வார்மரா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சோறு ஆறுறது எனக்கு ஞாபகமே இல்ல."

வலிக்குமா என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்தார். வலிக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது: அவள் கண்ணில் பட்டது பாடம் மட்டும்தான். அவள் படியேறி வகுப்புக்குப் போகிற நடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்துக் கடையிலிருந்த மனைவியை அழைத்தார்.

"சபீதா" என்றார், எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. "நம்ம பொண்ணு இன்னைக்கு எனக்காக ஒண்ணுமே செய்யலடி!"