மூன்று மணிக் காப்பி

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இலாரி ஹுத்தாவுக்கு வழியனுப்புக் காப்பி என்று டென்னிஸ் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதே செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குத்தான் அவனுக்கு முதல் சுற்று ஆட்டம். போட்டியோ ஞாயிறு வரை நடக்கிறது. ஆக, அவன் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிவிடுவான் என்று ஊரே தீர்மானித்து, இறால் வைத்த ரொட்டி கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை அதைப் படித்துவிட்டு, கிளப் செயலாளர் சிர்க்காவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டான். இந்த ஈசல்மி ஊர்க்காரர்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள். சிர்க்கா அசல் ஈசல்மிக்காரி.

"வெச்சுக்கலாம்ப்பா, எங்களுக்கென்ன. ஆனா ஞாயிறு வரைக்கும் நீ இங்க சும்மா உட்கார்ந்திருக்கணுமே. நான் ஒண்ணும் சொல்ல வரல. கேக் ஒரு நாளைக்கு மேல தாங்காது, அவ்வளவுதான்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்படவும் வழியில்லை. நவம்பர் மாதம் சொந்த ஊரில் நடக்கும் இந்தப் போட்டியில் ஒன்பது முறை ஆடியிருக்கிறான். ஒன்பது முறையும் முதல் சுற்றிலேயே தோல்வி. வெளியூரில் அவன் ஒன்றும் சோடையில்லை. உலகத் தரவரிசையில் நூற்று அறுபத்து மூன்று வரை ஏறியவன். பாரிஸில் ஒருமுறை தகுதிச் சுற்றைத் தாண்டி, பெரிய ஆட்டக்காரன் ஒருவனிடமிருந்து முதல் இரண்டு செட்டைப் பிடுங்கி, மற்ற மூன்றையும் கோட்டை விட்டான். துருக்கியில் ஒரே ஓட்டலில் ஆறு வாரம் தங்கி, கட்டில் மேல் உட்கார்ந்து தன் மட்டைக்குத் தானே நரம்பு கட்டியிருக்கிறான். தாஷ்கண்டில் ஜெயித்தான், தம்பெரெயில் ஜெயித்தான். ஈசல்மியில் மட்டும் கைகூடவில்லை.

இப்போது முப்பத்து நான்கு வயது. முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. இதுதான் கடைசிப் போட்டி; ஜனவரி முதல் குவோப்பியோவில் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் வேலை. அதற்கு முன் சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

எதிராளி பத்தொன்பது வயது செக் நாட்டுப் பையன், அம்பாகப் பாய்கிறவன். முந்தைய ஆட்டம் இழுத்துவிட்டதால் கூடாரத்துக்குள் இருந்த ஆடுகளத்தில் இவர்கள் இறங்கும்போதே ஒன்றரை. பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, அப்பா தைஸ்தோ. மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். வாரம் மூன்று நாள் பனியில் எண்பது கிலோமீட்டர் ஓட்டி மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனவர். ஒரு நாளும் நன்றாக ஆடினாய் என்று சொன்னதில்லை, மோசமாக ஆடினாய் என்றும் சொன்னதில்லை.

முதல் செட் ஆறுக்கு இரண்டு என்று போயிற்று. இரண்டாவதை இலாரி டை-பிரேக்கில் முட்டிமோதி எடுத்தான். அப்போது கடிகாரத்தில் மூன்றாக இரண்டு நிமிடம்.

ஜனங்கள் எழுந்தார்கள். மூன்று மணிக் காப்பி என்றால் மூன்று மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். யாருக்கு வழியனுப்போ அவன் வரும்போது அறை காலியாக இருந்தால் அதைவிட மரியாதைக் குறைவு உண்டா? அவனுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதென்று கோட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து போனார்கள். கடைசியில் அப்பாவும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனார்.

இலாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலிலேயே மூன்றாவது செட்டை ஆடினான். காலி நாற்காலிகளுக்கு முன்னால், கூடாரத்துச் சூட்டு எந்திரத்தின் இரைச்சலில், ஆறுக்கு நான்கு என்று ஜெயித்தான். நடுவர் தலையசைத்தார். கைதட்ட ஆளில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தான்.

காப்பி அறைக்குள் நுழைந்தபோது நாலு ஆகப் போகிறது. யாரும் கோப்பையைத் தொட்டிருக்கவில்லை. அவன் முகம் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; தோற்றுவிட்டான் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சிர்க்கா பேச்சு எழுதிவைத்த காகிதத்தோடு எழுந்தாள்.

"இலாரி, தோக்குறது உனக்குப் புதுசில்ல, பாக்குறது எங்களுக்கும் புதுசில்ல. ஆனா ஒரு வருஷமும் நாங்க வராம இருந்ததில்ல. நீ ஜெயிப்பேன்னு நினைச்சு வரல. நீ எங்க பையன், அதனால வந்தோம்."

அவன் இடைமறித்திருக்க வேண்டும். ஆனால் ஒருவர் பேசும்போது குறுக்கே புகுந்து நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்வதற்கு இந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. கழுத்துவரை சிவந்து நின்றான். பாதிப் பேச்சில் அப்பா உள்ளே வந்து கதவோரம் நின்றதைப் பார்த்தான். பூங்கொத்தை வாங்கினான். கேக்கை வெட்டினான். இரண்டாவது காப்பி ஊற்றும்போதுதான் வாய் திறந்தது.

"சிர்க்கா, நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு ஆட்டம் இருக்கு."

கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரோட?" என்றாள் சிர்க்கா.

"இத்தாலிக்காரன் ஒருத்தன்."

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சொன்னது சொன்னதுதான். இன்னொரு பேச்செல்லாம் என்னால எழுத முடியாது."

அறை முழுக்கச் சிரித்தது. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். இலாரி கதவோரம் போனான்.

"மூணு மணி அடிச்சதும் நீயும் கிளம்பிட்டியேப்பா."

"காப்பிக்காகக் கிளம்பல." அப்பா கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் இன்னும் சிவந்திருந்தன. "ஒம்போது தடவ உட்கார்ந்து பாத்தேன், ஒம்போது தடவயும் தோத்த. நான் எந்திரிச்சுப் போனா என்ன ஆகுதுன்னு பாத்துடலாம்னு தோணுச்சு. கார்ல போய் உட்கார்ந்துட்டேன்."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. அந்தக் குளிரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சு," என்றார் அப்பா. "நாளைக்கும் கார்லயே இருந்துக்கறேன்."

ஈசல்மியில் ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஆசைப்பட்டவன் இலாரி. அப்பா காரிலேயே இருந்தால் நாளைக்கு இன்னொன்றும் கிடைக்கலாம்.

"வேண்டாம்ப்பா," என்றான். "உள்ள வந்து உட்காரு. தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."