தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள்

"நிறுத்துங்க யோர்மா, அனுப்பாதீங்க!"

ஹில்லா பாய்ந்து வந்து பேராசிரியர் யோர்மாவின் மடிக்கணினியை மூடினாள்.

வெள்ளிக்கிழமைதோறும் காபியோடு ஒரு புதிய ஆய்வுக்கட்டுரையை அலசுவது பின்லாந்தின் யொயென்சூ நகரில் அந்த வேதியியல் கல்விக் குழுவின் வழக்கம். இன்றைய கட்டுரை சொன்ன வாய்மொழித் தேர்வை ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் பரிந்துரைத்து மின்னஞ்சல் அனுப்ப யோர்மா முடிவு செய்திருந்தார்.

"என் விரல் போயிருக்கும்மா! அப்படி என்ன ஓட்டை கண்டுபிடிச்சே?"

"கட்டுரையில வர்ற இந்தப் பையனைப் பாருங்க. உப்பு தண்ணியில கரைஞ்சா என்ன ஆகும்னு கேட்டிருக்காங்க. ஒன்பது நொடி அவன் பேசல. உடனே 'தெரியவில்லை'ன்னு எழுதி முட்டை போட்டுட்டாங்க."

"ஒன்பது நொடி போதாதா?"

"பின்லாந்துக்காரங்க நாம பஸ் ஸ்டாப்புல ஒன்பது நிமிஷம் வாயைத் திறக்க மாட்டோம். அதுக்காக நாமெல்லாம் மக்குங்களா?"

அறை முழுக்கச் சிரிப்பு. ஹில்லா மட்டும் சிரிக்கவில்லை.

"அவனுக்குப் பதில் தெரியும் யோர்மா. அயனிகள் பிரியும், தண்ணி அதுங்களைச் சூழ்ந்துக்கும்னு அன்னிக்குச் சாயங்காலமே என்கிட்ட முழுசாச் சொன்னான்."

"உன்கிட்டயா?"

அவள் குரல் தணிந்தது.

"இந்த ஆய்வுல கலந்துக்கிட்ட என் தம்பி அவன். அவனுக்குத் திக்கும். முதல் வார்த்தை வெளியே வர நேரமாகும்."