கேட்டோடு நின்ற குளுக்கோஸ்

முதல் அடியிலேயே கலவைத் தொழிலாளி தருண்குமாரின் மூக்கு உடைந்தது. அடித்தவர் போர்மேன் ராஜசிங். விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் யார் மேலும் கை நீட்டாத மனிதர், இப்போது கலவை அறைக்குள் தருணின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கவிழ்ந்த சல்லடையிலிருந்து வெடிமருந்து தரையெங்கும் கொட்டிக் கிடந்தது.

வாசலில் கூட்டம். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. இழுபறியில் மருந்து உரசினால் போதும், எல்லோரும் போவார்கள்.

"ஞாயித்துக்கெழம பைபிளு, திங்கக்கெழம பாட்டிலு!" என்றது ஒரு குரல்.

"வாய மூடுலே! அவுக குடிக்க மாட்டாக" என்று அதட்டியது இன்னொரு குரல்.

லேபிள் ஒட்டிய பசைக் கையோடு ஓடிவந்தாள் ராஜசிங்கின் மனைவி ஜெயசீலி. கணவனின் கை நடுக்கத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

ராஜசிங்குக்கு நீரிழிவு பழைய நோய். சித்திரையில் தைராய்டு அதிகமாகச் சுரக்க, சர்க்கரையும் எகிறியது. டாக்டர் இன்சுலினைக் கூட்டினார். தைராய்டுக்கும் மாத்திரை கொடுத்தார். "தைராய்டு அடங்கினா இம்புட்டு இன்சுலின் தாங்காது. சர்க்கரை தாழ்ந்து நிதானம் தப்பிரும். மாசாமாசம் வந்து காட்டுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். தைராய்டு அடங்கியது. கூடவே தீபாவளி சீசனும் வந்தது. "ஆர்டர் முடியட்டும், போவோம்" என்று ராஜசிங் அதே அளவு ஊசியைப் போட்டுவந்தார்.

"பெனிட்டோ! இவுக கொண்டாந்த குளுக்கோஸ் எங்க?"

வாட்ச்மேன் பெனிட்டோ விழித்தான். "கேட்லயே வாங்கி வச்சிட்டேன்க்கா. வெளிப் பொடி எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டதே இவுகதான!"

"எடுத்துட்டு ஓடியாலே!"

பொட்டலத்தோடு அவள் உள்ளே போனாள். வெறுங்கால். ஒவ்வோர் அடியையும் தூக்கித் தூக்கி வைத்தாள்.

ராஜசிங் தருணை விட்டுவிட்டு அவள் மேல் பாய்ந்தார். உதடு கிழிந்தது. அடுத்த குத்தில் பல் ஆடியது. சுவரோடு ஒட்டி நின்றாள். கீழே விழக்கூடாது.

"அடிங்க. நல்லா அடிங்க. காலை மட்டும் அசைக்காதீக!"

அவர் வாய்க்குள் குளுக்கோஸைத் திணித்து ஈறில் தேய்த்தாள். அவர் அவள் விரலைக் கடித்தார். எலும்பில் பல் இறங்கியது. அவள் விரலை இழுக்கவில்லை. மறு கையால் இன்னொரு பிடி திணித்தாள். தருண் மெல்ல நழுவி வெளியேறினான்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் பல்லின் பிடி தளர்ந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் சர்க்கரைத் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் ராஜசிங் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, மூஞ்சி என்ன? எவன் அடிச்சான்? சொல்லு, அவன் கைய முறிக்கேன்!"

மூக்கைப் பொத்திக்கொண்டு தருண் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முறிக்க வேணாம். எந்திரிங்க, டாக்டர்ட்ட போவோம்."

"லோடு நிக்கே..."

"நிக்கட்டும்."

அவர் வலது கையை எடுத்து, விரல் முட்டிகளில் ஒட்டியிருந்த தன் ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள் ஜெயசீலி. ராஜசிங் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அவளுக்கு முன்னால் கேட்டை நோக்கி நடந்தார்.