சத்தம் கேட்காத பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தில் சத்தம் இல்லையாம். அதற்காகத் தெய்வாத்தாளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட்டதும் அம்புஜம் டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாயங்காலம் பள்ளி விட்டதும் நேரே அந்தப் பிள்ளையின் அப்பன் பொங்கியண்ணனின் தோட்டத்துக்கு நடந்தாள்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர். பழைய வாத்தியார் காலத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியக் கத்துவார்கள். தோட்டங்காடெல்லாம் கேட்கும். கேட்டால் படிப்பு நடக்கிறதென்று ஊருக்குத் திருப்தி. நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் வராது; முதலிலிருந்து பாடிக்கொண்டுதான் வரவேண்டும். அம்புஜம் வந்து அந்தக் கத்தலை நிறுத்தினாள். புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்லி, முன்னும் பின்னுமாகக் கேட்டுக் கேட்டுப் பழக்கினாள்.

பொங்கியண்ணன் கிணற்றில் எருது பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். தெய்வாத்தாள் பாத்திக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, புள்ளையை எதுக்கு நிறுத்துனீங்க?"

அவன் எருதுகளை நிறுத்தினான். "எழவு ஊட்டுலகூட ஒப்பாரி கேக்குமுங்க டீச்சரம்மா. உங்க பள்ளிக்கூடத்துல மூச்சுச் சத்தம் இல்லீங்க. கொட்டை வெச்சு வெளையாடறதுக்கு இவ இங்க மடையாச்சும் திருப்பட்டும்."

களை வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அம்புஜத்துக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு வாய்ப்பாடு வருமுங்களா?"

"தூக்கத்துலயும் சொல்லுவனுங்க."

"ஏழெட்டு எத்தனைங்க?"

"ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு..."

"அம்பத்தாறுங்க" என்றாள் தெய்வாத்தாள், மடையிலிருந்தபடியே.

அம்புஜம் விடவில்லை. "ஒம்பதெட்டு?"

"இருங்க. ஓரெட்டு எட்டு, ஈரெட்டு..."

"எழுபத்திரண்டுங்க."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அது யாரைப் பார்த்து என்று பொங்கியண்ணனுக்குத் தெரிந்தது. களை வெட்டியவர்களில் கந்தப்பன் சும்மா இருக்கவில்லை. "மாமா, நாளைக்கு நீங்களும் புள்ளைகூடப் போயி உக்காருங்க. கொட்டை நான் தாரேன்."

பொங்கியண்ணன் வாய்க்காலைத் தாண்டிப் போய் மகளின் கன்னத்தில் அறைந்தான். அவள் சேற்றில் விழுந்தாள்.

"அப்பனுக்கு முந்தி வாய் நீளுதா உனக்கு? இனி அந்தப் பக்கம் போனீன்னா காலை ஒடச்சுபோடுவேன்!"

"அவ சரியாத்தானே சொன்னா! எதுக்கு அடிக்கறீங்க?" அம்புஜம் கத்தினாள்.

"அதுக்குத்தானுங்க அடிச்சேன்."

அவன் திரும்பிப் போய் எருதுகளை அதட்டினான். சிரித்தவர்கள் குனிந்து களை வெட்டினார்கள்.

அம்புஜம் கையை நீட்டினாள். தெய்வாத்தாள் அதைப் பிடிக்காமல் தானே எழுந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னைக் கேட்டிருக்கலாமுல்லீங்க. எங்கய்யனை எதுக்குங்க கேட்டீங்க?"

பதிலுக்கு நிற்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.