நாலாம் மெஷின், ஏழாம் அச்சு

செக்கரம்மாவுக்கு அந்தப் பெயர் பாட்டில் ஃபேக்டரியில் செக்கர் வேலை பார்த்ததால் விழுந்தது. ஃபேக்டரியை மூடிப் பன்னிரண்டு வருஷமாகியும் பெயர் மட்டும் வேலையை விடவில்லை. இருபத்தாறு வருஷம் ஒரே ஸ்டூல், ஒரே ட்யூப்லைட். சூடு ஆறி பெல்ட்டில் வரிசையாக வரும் ஜாடிகளை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். குமிழி, கீறல், கல் எது கண்ணில் பட்டாலும் தொட்டியில் போட்டு உடைப்பாள். உடைசல் மறுபடி உலைக்குப் போகும். "என் கையைத் தாண்டி ஒரு சொத்தை ஜாடி வெளியே போனதில்லை" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

அவள் புருஷன் அங்கே ஜாடி வார்க்கும் நாலாம் மெஷின்காரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். இருந்தவரை, வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்லும் முன்பே ஆரம்பித்துவிடுவான். "கட்டிக்கப் போறவன்னுகூடப் பார்க்காம என் ஜாடியையே உடைச்சவ. இவ கண்ணுக்கு எறும்பு தப்பாது." செக்கரம்மா அப்போதெல்லாம் அடுப்படிப் பக்கம் போய்விடுவாள். வெட்கப்படுகிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவனுடைய தங்கை தையல்காரி. முழங்கால் போய், தையல் மெஷின் மிதிக்க முடியாமல், பழைய ஜாடிகளில் கண்ணாடிப் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவர், மேசைக்கு ஒன்றாக இருபது மெழுகுவத்தி விளக்கு கேட்டிருந்தார். பழைய பாட்டில் கடையிலிருந்து இரண்டு கோணி ஜாடியை அண்ணி வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள்.

"உங்க வீட்டுலதான் அண்ணி ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுது."

"வெளிச்சம் விழுதா, ஜாடி கழுவ ஆள் விழுதா?"

"ரெண்டும்தான்."

நான்கு நாளாக அதே வேலை. வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரிக்க வேண்டும். பசையை எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், விரல் பிசுக்கு இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. அப்புறம் நாத்தனார் ட்யூபைப் பிதுக்கிக் கறுப்புக் கோட்டால் பூவும் கொடியும் போடுவாள். கோடு காய்ந்ததும் ஜாடியைப் படுக்கவைத்து, உருளாமல் இருபக்கமும் சுருட்டிய துண்டை முட்டுக்கொடுத்து, கட்டங்களுக்குள் நிறத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். நிமிர்த்தி வைத்தால் வழிந்துவிடும். ஒரு பக்கம் காய்ந்த பிறகுதான் மறுபக்கம்.

இருபதாவது ஜாடி மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி வந்திருந்தது. முந்தின நாள் நாத்தனாரே கழுவி வைத்தது அது. தோள்பக்கம் மஞ்சளை விட்டவள் முகத்தைச் சுளித்தாள்.

"தூசி விழுந்திருக்கு. அந்தக் குண்டூசியைக் குடுங்க."

ஊசியால் நோண்டினாள். போகவில்லை. கடுகு அளவில் ஒரு புள்ளி. நிறமில்லாதபோது யாருக்கும் தெரிந்திருக்காது. மஞ்சளுக்குக் கீழே கறுத்துத் தெரிந்தது.

செக்கரம்மா குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதும். தூசி இல்லை, கல். உலையில் உருகாமல் நின்ற மணல் கண்ணாடிக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். ஜாடியின் அடிப்பாகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அங்கே மெஷின் எண்ணும் அச்சு எண்ணும் பதிந்திருந்தன. நாலு. ஏழு.

விரலால் அந்த ஏழைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் கெட்டுப்போகல. மேல ஒரு இலை போட்டா மறைஞ்சிடும்" என்று நாத்தனார் பச்சைப் புட்டியைத் திறந்தாள்.

மறைந்துவிடும்தான். பச்சை கெட்டியான நிறம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாத்தனார் இலை நுனியை இழுக்கும்வரை செக்கரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டுக்கடை மேசை. உள்ளே மெழுகுவத்தி. சூடு ஏறினால் கல் இருக்கிற இடத்தில்தான் முதலில் விரியும். எதிரே யாராவது தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"இதுல விளக்கு வைக்கக்கூடாது" என்றாள்.

"ஏன்?"

"கல் இருக்கு. வெடிக்கும்."

நாத்தனார் தூரிகையைக் கீழே வைத்தாள். "எந்த மெஷினாம்?"

"நாலு."

"நாலாம் மெஷின் ஜாடி உங்க கையைத் தாண்டித்தானே வெளியே போகணும்?"

"ஆமா."

"உங்க பகல் ஷிஃப்டா இருக்காது. வேற எவளாவது விட்டிருப்பா."

வழி தானாகவே திறந்தது. ராத்திரி ஷிஃப்ட்காரி செத்து எத்தனையோ வருஷம், மறுத்துப் பேச வரமாட்டாள். செக்கரம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான்தான் விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

நாத்தனார் ஜாடியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஒரு மணி நேரத்துல ஒரே அச்சுல பத்து சொத்தை வந்தா மெஷினை நிறுத்திடுவாங்க. உங்க அண்ணனுக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை நிறுத்தியாச்சு. மூணாவது தடவைன்னா வேலை போச்சு, கேட்டுக்கு வெளியேதான். கல்லு உலையோட குத்தம், தண்டனை மட்டும் மெஷின்காரனுக்கு. அன்னிக்கு ஒம்போது உடைச்சேன். இது பத்தாவது. இதே இடம், இதே கடுகு."

"அப்ப அண்ணன் ஊரெல்லாம் சொன்னது..."

"ஒம்போதுதான் அவருக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிஞ்சதும் சண்டைக்கு வந்தாரு. ஒம்போது உடைச்சியே, முகம்கூட மாறலையேன்னாரு. அப்புறம் பொண்ணு கேட்டு வந்தப்ப, அந்த முகத்தைப் பாத்துத்தான் கேக்குறேன்னாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? முப்பத்தஞ்சு வருஷம் அதையே பெருமையாப் பேசிக்கிட்டிருந்தாரு. பொய் என்னோடது, அவருது இல்ல."

நாத்தனார் ஜாடியைப் படுத்தவாக்கிலேயே தூக்கி, ஈரம் படாமல் கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"என் துணியில ஒரு தையல் கோணினா எத்தனை பேச்சு பேசியிருக்கீங்க."

"பேசியிருக்கேன்."

"ஒரு தையல் அண்ணி. வெறும் தையல்."

"திட்டணும்னா திட்டு."

"திட்டுவேன், எங்கே போகப் போறீங்க? இப்ப இன்னொரு ஜாடி கழுவணும், கணக்குக்கு ஒண்ணு குறையுது." சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. மறுபடி ஜாடியைத் துண்டுகளுக்கு நடுவே படுக்கவைத்து, பாதியில் நின்ற இலையைப் போட்டு முடித்தாள். கல் மறைந்துவிட்டது. இடம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

"இதை நீங்களே வச்சுக்கங்க. சீப்போ கரண்டியோ போட்டுக்கங்க, நெருப்பு மட்டும் வேண்டாம்."

"சரி."

நாத்தனார் தூரிகையைக் கழுவ ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அண்ணன் எப்படி இருந்தாரு?" என்று நாத்தனார் கேட்டாள். "அவரு வேலைக்குன்னு கிளம்பிப் போனப்ப நான் பாவாடைகூட ஒழுங்காக் கட்டத் தெரியாத பிள்ளை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தொப்பை போட்ட அண்ணன்தான்."

இதுவரை யாரும் செக்கரம்மாவிடம் இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஜாடி உடைத்த கதைதான் வேண்டியிருந்தது.

"ஒல்லியா இருந்தாரு. கழுத்து மட்டும் நீளம், அதுல ஒரு எண்ணெய்க் கறை. சட்டை யாரோ பெரிய ஆளோடது, கையை நாலு மடிப்பு மடிச்சு விட்டிருந்தாரு. ஒம்போதாவது உடைஞ்சதும் மெஷினுக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பாத்தாரு. என்னைப் பாக்கல. பெல்ட்டைத்தான் பாத்தாரு. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு, பரீட்சை முடிவுக்கு நிக்கிற பையன் மாதிரி."

"நீங்க?"

"பத்தாவதைக் கையில வச்சிருந்தேன். ஒரு சுத்துச் சுத்தினேன். நல்ல ஜாடி வரிசையில கொண்டுபோய் வச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பெல்ட் நிக்காம ஓடிச்சு. அவரு வாயை மூடிக்கிட்டு உள்ளே போயிட்டாரு."