மனிதப் பயன்பாடு: இல்லை

ஏரிக்கரையில் பறவைக் காவல் பார்க்கும் எட்வர்டு கடப்பாரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, யாரையும் இடுகாட்டுக்குள் விடமாட்டேன் என்கிறான் என்று செய்தி வந்தபோது, மோனிகா தன் அப்பாவின் வலது காலுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். இடது கால் முடிந்துவிட்டது. வலது குதிகாலில் வெடிப்பு ஆழம். நூல் சிக்கிச் சிக்கி நின்றது. இருபத்திரண்டு வருடம் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்புக் கம்பி சுமந்த கால். ரப்பர் செருப்பையும் கம்பெனி பூட்ஸையும் தவிர வேறு எதையும் கண்டதில்லை. செத்த பிறகு சாக்ஸ், கோட்டு, கையுறை என்று மாப்பிள்ளை அலங்காரம். அவளுக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

முந்தின நாள் மாலை ஷிஃப்ட் முடிந்து வந்த ஆசீர்வாதம், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். சாய்ந்தது சாய்ந்ததுதான். ஐம்பத்தாறு வயது. டாக்டர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன பிறகும் கங்கம்மா புருஷனுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

செய்தி கொண்டு வந்தவன் இம்மானுவேல், கங்கம்மாவின் தம்பி. விடிந்ததும் நாலு பேரோடு ஏரிக்கரை இடுகாட்டுக்குக் குழி வெட்டப் போனவன், வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் நின்றான்.

"பறவைங்க எடமாம். லைனுக்கு உள்ள மண்வெட்டி படக்கூடாதாம். நேத்து முளைச்ச பையன் நமக்கு ரூல்ஸு சொல்றான்."

கங்கம்மா விசிறியைக் கீழே வைத்தாள். "ஜெரால்டு பக்கத்துல எடம் கீதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"ஆறு வருசமா வுட்டு வச்சிக்கீறாரு. வேற யாரும் வந்துடக் கூடாதுன்னு செங்கல்லு வச்சிட்டு வந்தாரு. அத்தச் சொன்னியா?"

மோனிகா சாக்ஸை மேலே இழுத்துவிட்டாள். அந்த லைன் அங்கே எப்படி வந்தது என்று தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

காலனி ஜனங்கள் நாலு தலைமுறையாக ஏரிக்கரையில்தான் புதைக்கிறார்கள். ஆனால் பட்டா கிடையாது, பதிவு கிடையாது. சர்க்கார் காகிதத்தில் அது வெறும் புறம்போக்கு. காலனிக்கு என்று காகிதத்தில் காட்டிய இடுகாடு, ரயில் பாதை ஓரம் கிடக்கும் பொட்டல். அங்கே இன்றுவரை ஒருத்தரையும் புதைத்ததில்லை.

ஜெரால்டு மோனிகாவின் தம்பி. ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், எஸ்டேட் வளைவில் கன்டெய்னர் லாரி அவன்மேல் ஏறியது. பத்தொன்பது வயது. அன்றிலிருந்து ஆசீர்வாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், கோயில் விட்டால் ஏரிக்கரை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் மண்ணை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? மேலே பார்க்க ஆரம்பித்தார். இடுகாட்டுக் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருந்தன. நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம். கூடுகளை எண்ண ஆரம்பித்தார். எந்த மரத்தில் எத்தனை, எதில் குஞ்சு பொரித்தது, எதைக் காக்காய் கொண்டுபோனது எல்லாம் அவர் வாயில் இருந்தது. கங்கம்மா முதலில் பயந்தாள், பிறகு விட்டுவிட்டாள். அழாமல் வீடு திரும்புகிறாரே, அது போதும் என்று.

இரண்டு வருடத்துக்கு முன்பு தாலுகாவுக்குத் திட்ட வரைபடம் போடுகிறார்கள் என்று அளக்க ஆள் வந்தது. எந்த ஏரி, எந்தத் தோப்பு பறவைகளுக்கு உரியது என்று கோடு போட்டு வைப்பார்களாம். கோட்டுக்கு வெளியே ரோடு வரும், கம்பெனி வரும். முதலில் போட்ட பச்சைக் கோடு தண்ணீர் விளிம்போடு நின்றுவிட்டது. எஸ்டேட் விரிவாக்கத்துக்கான லாரி ரோடு இடுகாட்டுக்கு நடுவில் சிவப்புப் புள்ளிகளாக ஓடியது. ஆசீர்வாதம் சம்பளம் போனாலும் போகட்டும் என்று மூன்று நாள் அந்த சர்வேயரோடு நடந்தார். மரம் மரமாகக் காட்டினார். சர்வேயர் நல்ல மனிதர். ஒரு படிவத்தை நீட்டி, இதை நிரப்பிக் கொடுங்கள், கோட்டை மரங்களுக்கு அந்தப்பக்கம் தள்ளப் பார்க்கிறேன் என்றார்.

ஆசீர்வாதத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். எழுதியவள் மோனிகா.

பத்து மணிக்குப் பெட்டி தயாராக இருந்தது, குழிதான் இல்லை. இதற்குள் காலனி ஆண்கள் முப்பது, நாற்பது பேர் கரையடியில் கூடிவிட்டார்கள். மோனிகா அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனபோது, எட்வர்டு பாதையின் குறுக்கே பைக்கை நிறுத்திவிட்டு அதன் முன்னால் நின்றிருந்தான். காக்கிச் சட்டை அவனுக்கு ஒரு சுற்றுப் பெரியது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பெரிம்மா, நான் இன்னா பண்ணட்டும்? குஞ்சு பொரிக்கிற நேரம். ஆள் கூட்டமா போனா எல்லாம் எழுந்துடும். பெரிப்பாவே எனக்குச் சொல்லிக் குட்தது. யாரையும் வுடாதடா, நானே வந்தாலும் வுடாதடான்னாரு."

"அவரு இப்ப நடந்தா வராரு?" என்றான் இம்மானுவேல். "உனக்கு இந்த வேலைய வாங்கிக் குட்த மனுசன்டா. அவருக்குக் குழி வெட்ட வுடமாட்டியா?"

எட்வர்டு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நகரவில்லை.

அப்போதுதான் பறவை இடத்துக்குப் பொறுப்பான வனத்துறை அதிகாரி அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினாள். மிஞ்சினால் முப்பது வயது இருக்கும். கோடு முடிவாகி அறிவிப்பு வந்த பிறகுதான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவள். ஜீப்பிலிருந்து ஒரு ரோஜா மாலையையும் ஒரு ஃபைலையும் சேர்த்து எடுத்தாள். எதை முதலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

"வாரா வாரம் ஃபோன் பண்ணுவார்மா," என்றாள் கங்கம்மாவிடம். "மேடம், நூத்திப் பன்னெண்டு கூடுன்னு சொல்லிட்டு வச்சிடுவார். நேர்ல பார்த்ததே இல்ல."

கங்கம்மா மாலையை வாங்கவில்லை. "இங்க எங்க ஜனம் பொதைஞ்சி கீதும்மா. உனக்குத் தெரியாதா?"

"எனக்கு இங்க வந்தப்புறம்தான் தெரியும்மா. ஆனா ரெக்கார்டுல இல்ல. ஆட்சேபம் சொல்ல அறுபது நாள் இருந்தது. பஞ்சாயத்து போர்டுல ஒட்டியிருந்தாங்க. யாருமே எழுதிக் குடுக்கல."

யாரும் எழுதாததற்குக் காரணம் இருந்தது. யாராவது கேட்டால் ஆசீர்வாதம், நல்லதுக்குத்தாம்பா, வுடுங்க என்பார். லாரி ரோடு ஒதுங்கிப் போனதும் காலனியே கூடி அவருக்குச் சால்வை போர்த்தியது. இடுகாடு பிழைத்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். கோடு முடிவாகி எட்டு மாதத்தில் காலனியில் யாரும் சாகவில்லை. முதல் ஆள் அவரே.

அதிகாரி ஃபைலைப் பிரித்தாள். "இது அவர் குடுத்த படிவம். இந்த எடத்துக்கு மனிதப் பயன்பாடு உண்டான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு போட்டிருக்கு. கீழ அவர் கையெழுத்து. இத மாத்தணும்னா மறுபடி மனு குடுக்கணும், மூணு மாசமாவது ஆகும்."

இம்மானுவேல் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது.

"கையெழுத்து அவருதுதான். மேல எழுதியிருக்கறது அவருதே இல்ல. அவருக்கு எழுதவே வராது. படிக்காத மனுசன்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு, உங்களுக்கு வேண்டியத எழுதிக்கினீங்க."

கூட்டம் ஒரே குரலாக இரைந்தது. யாரோ எட்வர்டின் பைக்கைத் தள்ளிவிட்டார்கள். அதை நிமிர்த்தப் போனவனை இன்னொருவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அதிகாரி, நான் அப்ப இல்லைங்க, நான் அப்ப இல்லைங்க என்று இரண்டு முறை சொன்னாள். அது யார் காதிலும் விழவில்லை.

மோனிகாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கூட்டம் உள்ளே போய்விடும். மதியத்துக்குள் அப்பா தம்பி பக்கத்தில் படுத்துவிடுவார். அம்மாவின் வயிறு குளிரும். எட்வர்டின் வேலை போகும், இந்தப் பெண்ணின் பெயர் கெடும். போனால் போகட்டும் என்றுதான் அவள் மனம் சொன்னது. அப்பா தம்பி பக்கத்தில் படுக்க வேண்டும். அதைவிட எதையும் அவள் அந்த நேரத்தில் விரும்பவில்லை.

இம்மானுவேல் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டான்.

"மாமா," என்றாள் மோனிகா. "அது நான் எழுதுனது."

அவன் திரும்பினான்.

"மேல இருக்கறது என் எழுத்துதான். நைனா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுனேன்."

கூட்டம் அடங்க நேரம் பிடித்தது. கங்கம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லன்னு எழுதச் சொன்னாரா?"

"சொன்னாரும்மா. ஜனம் பொழங்குற எடம்னு எழுதுனா ரெண்டாவது லிஸ்ட்ல போட்டுடுவாங்களாம். ரெண்டாவது லிஸ்ட்ல இருந்தா ரோடு போடலாமாம். சர்வேயரு சொன்னாராம். யாரும் வரதில்லன்னு எழுதிடு பாப்பான்னாரு. நான் கேட்டேம்மா. அப்ப நீ எங்க படுப்ப நைனான்னு கேட்டேன்."

மாமா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

"நான் எங்கனா படுத்துக்கறேன். அவன் மேல இன்னொரு வாட்டி லாரி ஏறக் கூடாதுன்னாரு."

இம்மானுவேல் மண்வெட்டியை இறக்கினான். காகிதத்தை மடிக்கத் தெரியாதவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, கீழே கிடந்த பைக்கை எட்வர்டோடு சேர்ந்து நிமிர்த்தினான்.

கங்கம்மா ஏரிப் பக்கம் திரும்பினாள். மரங்களின் உச்சியில் நாரைகள் வெள்ளை வெள்ளையாக நின்றிருந்தன. இத்தனை சத்தத்துக்கும் ஒன்றிரண்டு மட்டும் எழுந்து வட்டமடித்துக்கொண்டிருந்தன.

"நான் எங்க இருந்தேன் அன்னிக்கு?" என்று கேட்டாள்.

"நீ ரேஷனுக்குப் போயிருந்தம்மா."

"நான் இல்லாத நேரமாப் பாத்து எழுதிக்கீறாரு." அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். "ரெண்டு வருசம் ஒரே பாயில படுத்துக்கினு, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல."

மோனிகா அம்மாவின் தோளைப் பிடித்தாள். கங்கம்மா அந்தக் கையை விலக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"தம்பி," என்றாள் இம்மானுவேலிடம். "ரயிலு ரோட்டாண்ட போய் வெட்டுங்க. வெயில் ஏறுது. பேண்டுகாரங்கள அனுப்பிச்சிடு. கரை வழியாத்தான போவணும், சத்தம் வேணாம்."

பெட்டி கரை வழியாக மேளமில்லாமல் போனது. பாட்டைக்கூட போதகர் உதட்டுக்குள்தான் பாடினார். இடுகாட்டுத் திருப்பம் வந்ததும் தூக்கியவர்கள் சொல்லாமலே நின்றார்கள். கங்கம்மா மரங்களுக்கு உள்ளே பார்த்தபடி, "போய்ட்டு வரோம்டா" என்றாள். பிறகு நடந்தார்கள்.

ரயில் பாதை ஓரப் பொட்டலில் குழி வெட்டுவது லேசாக இல்லை. இரண்டு அடிக்குக் கீழே எங்கோ ஓர் ஆலையின் கசடு கொட்டி மேடாக்கியிருந்தார்கள். கடப்பாரை ஒவ்வொரு அடிக்கும் இரும்பில் பட்டது போல ஒலித்தது. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றி வெட்டினார்கள். தன் முறைக்குக் கடப்பாரையை வாங்கிய எட்வர்டு, அதற்குப் பிறகு யாரிடமும் அதைத் தரவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளங்கை கிழியும்வரை அவனே வெட்டினான்.

போதகர் ஜெபித்தார். பெட்டி இறங்கியது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அதிகாரியும் ஓரமாக வந்து நின்று ஒரு பிடி போட்டாள். கங்கம்மா போட்ட மண்ணில் கசடுக் கல் ஒன்று இருந்தது. பெட்டி மேல் அது விழுந்த சத்தத்தில்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அரை மணி நேரம் யாரும் அவளைத் தேற்றவில்லை. தேற்றக்கூடிய அழுகை இல்லை அது.

மண்ணை மேடாக்கிச் சிலுவை நட்ட பிறகு, இம்மானுவேல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். புருஷனைப் புதைத்த அன்றே பெண்சாதிக்கும் இடம் பார்த்து அடையாளம் வைப்பது காலனி வழக்கம். வைக்காவிட்டால் வேறு யாராவது வந்துவிடுவார்கள்.

"யக்கா, உனுக்கு எடம் வச்சிடவா?"

"வை."

அவன் நாலு கல்லைப் பொறுக்கிக்கொண்டு மேட்டை ஒட்டினாற்போல் குனிந்தான்.

"ஒட்டி வாணாம்," என்றாள் கங்கம்மா. "நடுவுல ஒரு ஆள் எடம் வுடு."

இம்மானுவேல் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். மண்வெட்டிக் காம்பைத் தரையில் படுக்க வைத்து அகலம் அளந்து, அதற்கு அப்பால் கற்களை வைத்தான்.

சென்னை போகும் மின்சார ரயில் ஒன்று கடந்து போனது. அது போகும்வரை எல்லாரும் நின்றார்கள். மேட்டுக்கும் அந்தக் கற்களுக்கும் நடுவில் கிடந்த மாலையின் வாழைநார் ஒன்றை எடுக்க மோனிகா குனிந்தாள்.

"மோனி," என்றாள் கங்கம்மா. "அங்க நிக்காதம்மா. புள்ள எடம் அது."

மோனிகா தன் காலடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மெதுவாக விலகி நின்றாள்.