ஒரு லிட்டர் அக்கா

1
இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. என் அக்கா, வானளாவும் கட்டடங்களுக்குக் கிரேன் ஓட்டுகிறவள், சில நாளாகத் தலைவலி, குமட்டல் என்று படுத்துக் கிடந்தாள். ‘ரத்தத்தில் உப்பு குறைவு’ என்று ரிப்போர்ட் வந்தது. உடனே நான் உப்பைக் கரைத்து ஜக் ஜக்காகக் குடிக்க வைத்தேன். மறுநாள் காலை என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாள்.

2
முதல் தொடக்கம்: ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பதுபோல் அவள் உடம்பு…’ (அடித்துவிட்டேன். பழமொழியே தப்பு.)

“உப்பு குறையலங்க, தண்ணிதான் கூடிப்போச்சு,” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. “தண்ணிய வெளிய விடாம பிடிச்சு வைக்கிற ஹார்மோன் ஓயாம சுரக்குது. இனிமே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். காபியும் அதுல சேத்தி.”

(ஐஸ் கட்டியும் சேர்த்திதான். அக்கா அதில் ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டாள்.)

3
‘ஊசி ஏறியது, மறுநிமிடமே அவள் துள்ளி எழுந்து…’

இதைப் படித்த அக்கா சீறினாள். “உப்பு அளவை அவ்ளோ வேகமா ஏத்தினா மூளையே போயிடும்டா! மெதுவா எழுது.”

சரி. முதல் நாள் ரத்தத்தில் உப்பின் அளவு நூற்றுப் பதினாறு. அடுத்த நாள் நூற்று இருபத்திரண்டு. அதற்கடுத்த நாள் நூற்று இருபத்தாறு. என்னை அடையாளம் கண்டு திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு நான் அழுதேன்.

4
ஒரு சந்தேகம். தம்பி பாத்திரம் நம்பும்படி இல்லை. இத்தனை மடையனா ஒருவன்? நீக்கிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“இருந்துட்டுப் போகட்டும். என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அந்த மடையன்தானே?”

5
மூன்று மாதம். சரியான அளவான நூற்று முப்பத்தெட்டுக்கு வந்து, அங்கேயே நின்றது. இருந்தும் மறுபடி கிரேன் கேபினில் ஏற விடுவார்களா என்பதே வீட்டில் எல்லோருக்கும் கவலை. ‘அவள் கீழேயே நின்று…’ என்று ஒரு சோக முடிவுகூட எழுதினேன். கிழித்தாயிற்று. இன்று காலை அனுமதிக் கடிதம் வந்துவிட்டது!

“சீக்கு உங்களுக்கு நல்லாவே தண்ணி காட்டிடுச்சு போல?” என்றார் கட்டட வேலையிடத்தில் மேஸ்திரி.

“நான்தாண்ணே அதுக்குத் தண்ணி காட்டினேன். அளந்து, ஒரு லிட்டர்!” என்று கிரேன் ஏணியில் கால் வைத்தாள்.

முடிவு எழுதப் பேனாவைத் திறந்தேன். மேஸ்திரியின் வாக்கிடாக்கியில் அவள் குரல்: “டேய், அங்க நின்னு என்ன எழுதிட்டு இருக்க? தள்ளு, பாரம் தூக்கறேன்!”

வாசகரே, நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.